பிரான்ஸில் பத்து யூரோவுக்குள் உங்கள் நாவுக்கேற்ற ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பாரிஸின் வடக்குப் புறநகரில் இருக்கிறது. பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் அரிசிக்கு ஒரு தட்டு, ஒயினுக்கு இரண்டு முழு வரிசைகள். ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் அந்த வரிசையின் முன்னால் நின்றபடி படம் எடுத்து அனுப்பி, "இதில் எதை வாங்குவது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் விருந்தாளி வரும் நாளாக இருக்கும். எட்டு அல்லது பத்து யூரோதான் அதற்கென ஒதுக்கியிருப்பார்கள். அவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஒயின் குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய தேவையே இல்லை. குடிப்பவர்கள் பணத்தை வீணாக்காமல், முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

இருப்பதிலேயே நல்ல ஒயின் எது?

அப்படி ஒன்று கிடையாது. சாம்பாரில் புளி கூடிவிட்டது என்பவரும் அதுதான் சரியான அளவு என்பவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஒயினிலும் அப்படித்தான். ஒரு ஒயின் உங்களுக்குப் பிடிக்குமா என்று அறிய நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கனம்.

இவற்றில் எல்லாரையும் குழப்புவது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ள டானின் என்ற பொருளால் வருவது அது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் துவர்ப்பு ஏறுகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். இங்குள்ள நண்பர்களில் பலர் துவர்ப்பையும் கசப்பையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுகிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவிலும் அத்திக்காயிலும் மாதுளைப் பிஞ்சிலும் சிறுவயது முதலே பழகியது. கொட்டைப்பாக்கை வெறும் வாயில் மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி நாக்கு வறண்டுபோகும். பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து வரும் இளம் சிவப்பு ஒயின் செய்வதும் அதையேதான். "சிவப்பு ஒயின் எனக்கு ஒத்துவராது" என்று சொல்லும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஒத்துவராதது இந்தத் துவர்ப்பு மட்டுமே என்பது என் அனுபவம். துவர்ப்புக் குறைந்த சிவப்பு ஒயின் நிறைய இருக்கிறது.

கனம் என்பது வாயில் உணரும் எடை. தண்ணீர்விட்ட மோருக்கும் கெட்டித் தயிருக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் நாவுக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒயின் இல்லாமலே தொடங்கலாம். ஒரு கோப்பையில் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடியுங்கள். வாய் வறள்கிறதே, அது துவர்ப்பு. அடுத்து எலுமிச்சை பிழிந்த தண்ணீர். இதற்கு நாக்கின் இருபுறமும் நீர் ஊறும், அது புளிப்பு. ஒன்று வாயை உலர்த்துகிறது, மற்றது நனைக்கிறது. இதைப் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஆறேழு யூரோ போட்டு நான்கு பாட்டில்கள் வாங்குங்கள். லுவார் ஆறு கடலில் கலக்கும் பகுதியிலிருந்து ஒரு மஸ்கதே: புளிப்பு உண்டு, கனம் இல்லை. அதே ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஒரு வூவ்ரே தெமி-செக்: புளிப்போடு இனிப்பும் சேர்ந்தது. ஒரு கோத் து ரோன்: கனமான சிவப்பு, மிதமான துவர்ப்பு. தென்மேற்கிலிருந்து ஒரு மதிரான்: தன்னா என்ற திராட்சையில் செய்தது, துவர்ப்பின் உச்சம். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் எழுதிவிடுங்கள்.

போன பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் இப்படிச் செய்தோம். ஒயின் என்றாலே கஷாயம் என்று ஒதுக்கிவந்த ஒரு தோழி இரண்டாம் எண் கிண்ணத்தை முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், மறுபடியும் முகர்ந்தார். "இதில் ஆப்பிள் இருக்கிறது, பிறகு தேன் மாதிரி ஏதோ வருகிறது" என்றார். அது வூவ்ரே. அவருடைய கணவர் சிவப்பைத் தவிர வேறெதையும் தொடாதவர். அவரும் அந்த எண்ணுக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார். தாளைப் பிரித்ததும் நம்பமுடியாமல் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். லேபிளை மறைத்துவிட்டால்தான் நாவு தன் உண்மையைச் சொல்லும்.

விலை கூடினால் சுவையும் கூடும் அல்லவா?

ஓரளவுக்குக் கூடும். மூன்று யூரோ பாட்டிலில் கண்ணாடி, கார்க், லேபிள், போக்குவரத்து, கடைக்காரரின் பங்கு, 20 சதவீத வரி எல்லாம் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது சில்லறைதான். ஏழு, எட்டு யூரோ கொடுக்கும்போது கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் சரக்குக்குப் போகிறது. பிரான்ஸில் சாதாரண ஒயினுக்கான கலால் வரி பாட்டிலுக்குச் சில சென்ட்கள் மட்டுமே என்பதும் நமக்கு அனுகூலம். பிரிட்டனில் அதே பாட்டிலுக்கு இரண்டரைப் பவுண்டுக்கு மேல் கலால் போய்விடுகிறது. பதினைந்து, இருபது யூரோவைத் தாண்டிய பிறகு ஊரின் பெயருக்கும் கிட்டங்கியில் காத்திருந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் விலையை மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளை அலசியது. பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஒயினை அதிகம் விரும்பவில்லை. சற்றே குறைவாகத்தான் விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களையும் கண் ஏமாற்றும். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஒயின் படிப்பு மாணவர்களான அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே எழுதிக்கொடுத்தார்கள்.

என் வீட்டிலும் இது நடந்தது. மேலதிகாரி குடும்பத்தை விருந்துக்கு அழைத்திருந்தோம். ஒரு கடையில் விற்பனையாளர் எடுத்துக்கொடுத்த 28 யூரோ போர்தோவை வாங்கிவந்தேன். இரண்டே ஆண்டு வயதான ஒயின். தட்டிலோ மிளகு போட்ட ஆட்டுக்கறி. கிண்ணங்கள் எல்லாம் பாதியில் நின்றுபோயின. சமையலுக்கென்று குளிர்பெட்டியில் வைத்திருந்த ஆறு யூரோ கஸ்கோன் வெள்ளை ஒயினைத் திறந்தோம், அது பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அந்தப் போர்தோ கெட்ட ஒயின் இல்லை. எட்டு, பத்து ஆண்டு கழித்து, காரமில்லாத வாட்டிய இறைச்சியோடு குடிக்க வேண்டியதை அன்றைக்கு எடுத்துவைத்தது என் தவறு.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. அதனால்தான் குழப்பம். ஊருக்குள் திராட்சை ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: போஜொலே சிவப்பு என்றால் கமே, சான்செர் வெள்ளை என்றால் சோவினியோன், வூவ்ரே என்றால் ஷெனன், கவோர் என்றால் பெரும்பகுதி மால்பெக். 'பேய் தோக்' என்ற தென்பிரான்ஸ் ஒயின்களிலும் அல்சாஸிலும் திராட்சைப் பெயரையே எழுதுவார்கள். புதியவர்களுக்கு அவை எளிது.

இனிப்பைக் குறிக்கும் சொற்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். குமிழி இல்லாத ஒயினில் 'செக்' என்றால் இனிப்பில்லை. 'தெமி-செக்' லேசான இனிப்பு. 'முவலே' நல்ல இனிப்பு. 'து' பாகு போன்றது. குமிழி ஒயினான ஷாம்பெயினில் கணக்கு மாறுகிறது. அங்கே 'செக்' என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை. இனிப்பு வேண்டாதவர் 'ப்ரூத்' அல்லது 'எக்ஸ்ட்ரா ப்ரூத்' என்றிருப்பதைத் தேட வேண்டும்.

இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்மானங்களையும் ஊட்டச்சத்து அளவையும் தெரிவிப்பது கட்டாயம். பின்பக்கத்தில் உள்ள கட்டக் குறியீட்டை (QR) கைபேசியில் காட்டினால், 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று வரும். அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். லிட்டருக்கு நான்கு கிராமுக்குக் கீழே இருந்தால் நாவுக்கு இனிப்பே தெரியாது.

ஆல்கஹால் அளவும் நல்ல துப்பு. 11, 12 சதவீதம் என்றால் பெரும்பாலும் இலேசானது; 14, 15 என்றால் கனமானது, தொண்டையில் சூடு தெரியும்.

'வியேய் வீஞ்' (பழங்கொடிகள்) என்ற பெருமைச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. அதற்காக ஒரு யூரோவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, பெயர் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பும் குளிர்ச்சியும் வேண்டுபவர்களுக்கு மஸ்கதே, பிக்பூல் த பினே, கோத் த கஸ்கோன். மூன்றும் நான்கு யூரோவிலிருந்து எட்டுக்குள் கிடைக்கும். மஸ்கதேயில் 'சுயர் லி' என்று எழுதியிருப்பதை எடுங்கள். நொதித்து அடியில் படிந்த மண்டியின் மேல் குளிர்காலம் முழுதும் கிடந்தது என்று பொருள். அதனால் வாயில் சற்றுச் சதைப்பற்று வரும். கஸ்கோன் ஒயின் பழவாசனை கூடியது, வெள்ளை ஒயினுக்குப் புதியவர்களிடம் நான் முதலில் நீட்டுவது.

மணத்துக்காகக் குடிப்பவர்களுக்கு அல்சாஸின் கெவுர்ஸ்ட்ராமினர். ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்த வாசனை, மூடியைத் திறந்ததும் அறைக்கே வரும். மஸ்கா என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின்களும் அப்படித்தான். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மஸ்கா ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். தேனி மாவட்டத்திலிருந்து வந்த என் நண்பர் மஸ்கா ஒயினை முகர்ந்துவிட்டு, எங்கள் ஊர்த் தோட்டத்தில் பழம் பறிக்கும் நாளின் வாசனை என்றார்.

சிவப்பு வேண்டும், துவர்ப்பு வேண்டாம் என்பவர்களுக்கு போஜொலே. இதைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கமே திராட்சையை 1395-இல் பூர்கோஞ் (பர்கண்டி) பகுதியின் பிரபு ஃபிலிப் தன் நிலத்திலிருந்து பிடுங்கியெறியச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே போஜொலே மலைச்சரிவுகளில் அது நிலைத்து நின்றது. மெல்லிய தோல், குறைந்த துவர்ப்பு, செர்ரிப் பழச் சுவை. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை ஆரவாரத்தோடு வரும் போஜொலே நூவோவைக் குடித்துவிட்டு இந்த ஊரை எடைபோடாதீர்கள். 'போஜொலே வில்லாஜ்' வாங்குங்கள். இன்னும் இரண்டு யூரோ இருந்தால் மொர்கோன், ஃப்ளூரி, பிரூயி போன்ற பத்துச் சிறப்பு ஊர்களில் ஒன்றின் பெயர் உள்ளதை வாங்குங்கள். பெயர்பெற்ற பூர்கோஞ் சிவப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாது. குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் குடித்துப்பாருங்கள்.

கனமும் மசாலா வாசனையும் பிடித்தவர்களுக்கு கோத் து ரோன், கோர்பியேர், மினெர்வுவா. சிரா திராட்சை கூடுதலாகச் சேர்ந்தவற்றில் மிளகு வாசனையே வரும். கற்பனை என்று எண்ண வேண்டாம், மிளகில் உள்ள ரோட்டுண்டோன் என்ற பொருள் சிராவின் தோலிலும் இருக்கிறது. துவர்ப்பை விரும்புகிறவர்களுக்கு கவோர், மதிரான்.

நம் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும்?

மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் துவர்ப்பும் தூண்டிவிடும். காரக் குழம்புக்குப் பிறகு 14.5 சதவீதச் சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கு எரியும், ஒயினும் கசக்கும். லேசான இனிப்பு காரத்தை அடக்கும். ஆகவே காரமான சமையலுக்கு ஆல்கஹால் குறைந்த, சற்றே இனித்த வெள்ளை ஒயின்.

இரண்டாவது புளி. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் கூடினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மீன்குழம்புக்கு முன்னால் கெவுர்ஸ்ட்ராமினர் தோற்றுப்போவது இதனால்தான். மணம் இருக்கிறது, புளிப்பு இல்லை. கடைகளில் ஆசிய உணவு என்றாலே அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், இதில் நான் உடன்படுவதில்லை. புளிவிட்ட மீன்குழம்புக்கு வூவ்ரே தெமி-செக் வாங்குங்கள். ரீஸ்லிங் என்ற ஜெர்மனி வெள்ளை ஒயினில் 'காபினெட்' என்றிருப்பதும் பொருந்தும். பல பாட்டில்களில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக்கும் குருமாவுக்கும் கெவுர்ஸ்ட்ராமினர் அழகாகச் சேரும்.

வறுத்த மீனுக்கும் வடை, பஜ்ஜிக்கும் மஸ்கதே அல்லது குமிழி ஒயின். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடும். பிரியாணிக்கும் கோழி வறுவலுக்கும் குளிரவைத்த போஜொலே, அல்லது தென்பிரான்ஸின் ரோஸே. ரசத்துக்கு எதுவும் வேண்டாம். ரசமே போதும்.

நான் சைவம். ஒயின் சைவம்தானே?

எல்லா ஒயினும் இல்லை. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசீன், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. வண்டல் பிறகு நீக்கப்படும், என்றாலும் பலருக்கு அது ஏற்புடையதாக இருக்காது. முட்டையும் பாலும் ஒவ்வாமைப் பொருட்கள் என்பதால் எச்சம் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும். ஜெலட்டினுக்கும் மீன் பசைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பென்டோனைட் என்ற களிமண்ணாலோ பட்டாணிப் புரதத்தாலோ தெளியவைப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். 'வீகன்' முத்திரை இருந்தால் கவலையில்லை.

ஷாம்பெயின் வாங்க வசதியில்லை. வேறு என்ன?

கிரேமான். ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்வது. குறைந்தது ஒன்பது மாதம் மண்டியோடு கிடக்க வேண்டும் என்பது விதி. அல்சாஸ், லுவார், லிமூ, பூர்கோஞ் என்று பல பகுதிகளில் செய்கிறார்கள். ஏழிலிருந்து பத்து யூரோ. பிறந்தநாளுக்கோ குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கோ வரும் முப்பது பேருக்கு வாங்கும்போது மிச்சமாகும் பணத்தை எண்ணிப்பாருங்கள்.

மற்றவருக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையா, உப்பா? பால் விடாத கட்டித் தேநீரைக் குடிப்பாரா? மோரா, தயிரா? கடைசியாக விரும்பிக் குடித்த ஒயின் எது, பாதியில் வைத்தது எது? பாதியில் வைத்ததன் காரணம்தான் நிறையச் சொல்லும். "வாய் வறண்டது" என்றால் போஜொலே. "புளித்தது" என்றால் தெற்கத்தி வெள்ளை ஒயின்.

ஒயின் மட்டும் விற்கும் சிறு கடைகளில் உள்ளவரிடமும் இப்படியே பேசுங்கள். "எட்டு யூரோ, சிவப்பு, துவர்ப்பு வேண்டாம், கோழிக்குழம்புக்கு" என்று விலையை முதலில் சொல்லிவிடுங்கள். அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

எப்போது, எங்கே வாங்கினால் மலிவு?

செப்டம்பரில் எல்லாச் சூப்பர் மார்க்கெட்டுகளும் ஒயின் சந்தை நடத்தும். ஒரு பாட்டில் வாங்கி, அன்று மாலையே குடித்துப்பார்த்து, பிடித்தால் மறுநாள் போய் ஆறு வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டொரு கிண்ணம் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு மூன்று லிட்டர் பெட்டி ஒயின் வசதி: நான்கு பாட்டில் அளவு, காற்றுப் புகாத பை, திறந்த பிறகும் நான்கைந்து வாரம் தாங்கும்.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டால் தலைவலி வருகிறதா?

சிவப்பைக் குடித்தால் மட்டும் தலைவலி என்பவர்களுக்குக் காரணம் சல்ஃபைட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைதான் அனுமதி, வெள்ளையில் 200. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றபடி, வாரத்துக்குப் பத்துக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாட்களும் இருக்கட்டும் என்பது பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் கூடாது.

ஊருக்குப் போகும்போது?

விமானப் பயணி ஒருவர் இந்தியாவுக்குள் வரியில்லாமல் இரண்டு லிட்டர் வரை கொண்டுபோகலாம். முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. அங்கேயே வாங்குவதானால் நாசிக்கின் ஷெனன் பிளாங்க் ஒயினைச் சுவைத்துப்பாருங்கள். வூவ்ரேயில் உள்ள அதே திராட்சை, வெயிலில் பழுத்தது. இங்கே செப்டம்பரில் அறுவடை என்றால் அங்கே பிப்ரவரியை ஒட்டி.

பிடித்த ஒயினை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

முன், பின் இரண்டு லேபிள்களையும் படம் எடுங்கள். கூடவே இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கனம் நான்குக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், விலை, என்ன சாப்பிட்டோம் என்ற ஒரு வரி. என் குறிப்பேட்டில் சென்ற மாதப் பக்கம் இப்படி இருக்கிறது: "மொர்கோன், 9 யூரோ 40. இனிப்பு 1, புளிப்பு 3, துவர்ப்பு 2, கனம் 3. கோழி வறுவல். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு நன்னாரி சர்பத்தா என்று கேட்டாள். மறுபடி வாங்க வேண்டும்."